பிள்ளை எழுதிய கட்டுரையில் பிள்ளையைக் காணவில்லை – மொரீசியஸ் தமிழாசிரியர்களும் பெற்றோரும் பேசலாம்

தென்கரை டீச்சர்

வணக்கம். கிரேட் 10, 11 பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். போன வாரம் 'நான் கொண்டாடிய ஒரு திருவிழா' என்று தலைப்புக் கொடுத்தேன். நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து வரிசையாகப் படித்தால், எல்லா நோட்டிலும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கிறது. பெரும்பாலும் பொங்கல். "திருவிழாக்கள் நம் பண்பாட்டின் கண்ணாடி" என்று ஆரம்பம். அடுத்தது "மார்கழிப் பனி விலகித் தை மகள் பிறந்தாள்". அப்புறம் உழவர்கள், ஏர், மாட்டுக் கொம்புக்கு வர்ணம், ஊர் எல்லையில் ஜல்லிக்கட்டு.

நம் ஊரில் ஜனவரியில் ஏது பனி? வேர்த்துக் கொட்டுகிற மாதம். லிச்சி முடிந்து மாம்பழம் வண்டி வண்டியாக விற்கும். ரோட்டோரம் ஃபிளாம்புவாயான் மரங்கள் இன்னும் சிவந்து கிடக்கும். புயல் எச்சரிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று ரேடியோவைக் கேட்டுக்கொண்டேதான் நாம் பொங்கல் வைக்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தமிழ் நோட்டைத் திறந்தால் அது எழுதக்கூடிய விஷயம் இல்லை என்று நினைக்கிறார்கள்.

பிழை என்று வட்டம் போட அதிகம் இல்லை. சந்தி சரி, பத்தி பிரிப்பு சரி. மதிப்பெண்ணும் போட்டாக வேண்டும். ஆனால் எழுதிய பிள்ளையை அதற்குள் காணவில்லை.

ஒரே ஒரு பையன் காவடியைப் பற்றி எழுதியிருந்தான். அதில் இப்படி இரண்டு வரி: "அப்பாவுக்கு பத்து நாளும் விரதம், சிகரெட்டும் இல்லை. அவர் கோபம் வந்துவிடும் என்று நாங்கள் டிவி சத்தத்தை குறைத்து வைத்தோம்." வல்லினம் மிகாமல் இரண்டு இடத்தில் பிழை. ஆனால் அந்த வீட்டுக்குள் நான் போய் நின்றுவிட்டேன். அதே பையனின் டியூஷன் நோட்டில் அந்த இரண்டு வரியும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் "தேவையற்றது" என்று எழுதியிருந்தது.

மற்ற ஆசிரியர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தேர்வுக்கும் தயார் செய்ய வேண்டும், பிள்ளைக்குத் தன் குரலும் வர வேண்டும். நிஜமாகவே வழி தேடித்தான் கேட்கிறேன்.

கத்ர்போர்ன் அம்மா

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை, அம்மா. எங்கள் வீட்டிலும் இதே கதை. மகள் 'என் தாத்தா' கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அந்தத் தாத்தா விடியற்காலை எழுந்து கலப்பையோடு வயலுக்குப் போவார், மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நீதிக்கதை சொல்வார். என் அப்பா போர்ட் லூயிஸ் – கியூர்பிப் பாதையில் பஸ் ஓட்டியவர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் புரியும். பேத்தியைப் படித்துக் காட்டச் சொல்லி முழுக்கக் கேட்டார். "நல்லா இருக்கு, இது யாரோட தாத்தா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரோஸ்ஹில் ஐயா

டீச்சரம்மாவுக்கு வணக்கம். பணி ஓய்வு பெற்று வெகுநாள் ஆகிறது. சி.பி.இ. என்ற ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வுக் காலத்தில் நான் கேட்ட குறை இது. 2017இல் சி.பி.இ. போய் பி.எஸ்.ஏ.சி. வந்த பிறகும் அதே குறையைத்தான் கேட்கிறேன். எல்லோரும் மனப்பாடத்தையே குற்றவாளியாக்குகிறோம். நான் அதன் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

நம் பிள்ளைக்கு வீட்டில் கிரியோல். பள்ளியில் பாடமெல்லாம் ஆங்கிலம். செய்தித்தாளும் டிவியும் பிரெஞ்சு. தமிழ் காதில் விழுவது கோவிலிலும் சினிமாப் பாட்டிலும் வாரத்தில் சில வகுப்புகளிலும்தான். மதுரையில் இருக்கிற பிள்ளைக்குப் பேருந்து நிறுத்தத்தில், மளிகைக் கடையில், சித்தி வீட்டில் என்று வாக்கியம் வந்து விழுந்துகொண்டே இருக்கும். நம் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? யாராவது கொடுத்தால்தான் உண்டு. மாதிரிக் கட்டுரைதான் அவனுக்குத் தெரு. அதையும் பிடுங்கிக்கொண்டு "உன் சொந்தக் குரலில் எழுது" என்றால், நல்ல பிள்ளைகள் நாலு பேர் எழுதுவார்கள். மற்றவர்கள் வெறும் தாளைத்தான் கொடுப்பார்கள். வெறும் தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழை விட்டுவிடுகிற முதல் படி அதுதான்.

குரல் வேண்டும், மறுக்கவில்லை. முதலில் குரலுக்கு ஒரு தொண்டை வேண்டும்.

வாக்வா ஆசிரியர்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு வரும் சில பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியத்தை வினைமுற்று வரைக்கும் கொண்டுபோய் முடிக்கவே வரவில்லை. அவர்களிடம் தனித்துவத்தைப் பற்றி நான் எப்படிப் பேசுவது?

தென்கரை டீச்சர்

ஐயா, நீங்கள் சொன்ன வெறும் தாளை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் மாதிரியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் சண்டை வேறு இடத்தில். மாதிரிக் கட்டுரையில் இரண்டு பொருள்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று வாக்கியத்தின் எலும்பு. இன்னொன்று அதன்மேல் போர்த்திய சங்கதி. பிள்ளைகளுக்குத் தேவை எலும்பு. நாம் சங்கதியையும் சேர்த்து விழுங்கவைக்கிறோம்.

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவேன்: "மழை வரும் என்று தெரிந்தும் அவர் குடை எடுக்கவில்லை." அதில் மழையையும் குடையையும் அவரையும் அழித்துவிடுவேன். "... என்று தெரிந்தும் ... இல்லை" மட்டும் நிற்கும். "உங்கள் வீட்டில் இப்படிச் செய்கிறவர் யார்?" என்று கேட்டால் கை தூக்கிக்கொண்டே இருப்பார்கள். "டாக்டர் திட்டுவார் என்று தெரிந்தும் பாட்டி ஊறுகாயை விடவில்லை." "பரீட்சை என்று தெரிந்தும் அண்ணன் ஃபுட்பால் மேட்சை நிறுத்தவில்லை." வினைமுற்று தானாக வந்து நின்றுவிடுகிறது, ஏனென்றால் எலும்பு நான் கொடுத்தது. பாட்டியும் ஊறுகாயும் பிள்ளையுடையவை. வாக்வா சார், முடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் உதவுகிறது.

இப்படி ஒரு பிள்ளை நிறைய எலும்புகளை மனப்பாடமாக வைத்திருக்கட்டும், ஐயா. அந்த மனப்பாடத்துக்கு நான் காலை எழுந்ததும் கும்பிடு போடுவேன்.

ரோஸ்ஹில் ஐயா

இதை ஏற்கிறேன். "ஆனாலும்", "இருந்தும்", "அதற்குள்", "என்றபடியே" என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பட்டியலாகவே கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தேன். வீட்டு ஆட்களை அதற்குள் உட்காரவைப்பது நல்ல யோசனை.

மோக்கா மாணவி

மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் பி.ஏ. படிக்கிறேன். நேற்றுவரை பள்ளிக்கூட பெஞ்சில் இருந்தவள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்லலாமா?

எச்.எஸ்.சி. என்ற மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு வரைக்கும் நான் முதலில் பிரெஞ்சில்தான் யோசிப்பேன். அதை மனதுக்குள் தமிழாக்கி எழுதுவேன். இலக்கணப்படி தப்பில்லை என்பார்கள், ஆனால் படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். நீளமான வாக்கியங்கள், நடுவில் 'அது', 'எது', 'அந்தக் காரணத்தினால்' என்று முட்டுக்கட்டைகள். எங்கள் பேராசிரியர் ஒருவர் எழுதுவதை நிறுத்தச் சொன்னார். போனில் தமிழில் பேசிப் பதிவு செய்யச் சொன்னார். தோழிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது போல, அரைகுறைத் தமிழ் ஆனாலும் பரவாயில்லை. அப்புறம் நானே அதைக் கேட்டு எழுதி, எழுத்துத் தமிழுக்கு மாற்றினேன். வாக்கியங்கள் சின்னதாயின. எனக்கு எது சிரிப்பு, எது எரிச்சல் என்பது தாளில் வந்தது. பேசும்போது வரிசை தானாக வருகிறது, ஏனென்றால் எதிரில் கேட்கிற ஆள் இருக்கிறாள்.

இப்போது தம்பி தங்கைகள் பிரெஞ்சில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுக்கிறார்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு. வருவது பிழையில்லாத தமிழ்தான். ஆனால் ஆயிரம் பேர் கேட்டாலும் அதே சாயலில் வருகிறது. பழைய மாதிரிக் கட்டுரையே வேறு சட்டை போட்டு வந்திருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் நிறுவனத்தில்தான் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. 1834 முதல் கப்பல் கப்பலாக வந்தவர்கள். பெயர், எண், ஊர், வயது, கப்பல் எல்லாம் வேறு ஒருவர் கையால் எழுதப்பட்டவை. அந்த ஆட்களே எழுதிவைத்தது என்று தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. கப்பலில் என்ன சாப்பிட்டார்கள், யாரை விட்டு வந்ததை நினைத்து அழுதார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் இல்லை. நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். அப்படியிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் வேறு யாருடைய தாத்தாவையோ எழுதுகிறார்கள் என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கத்ர்போர்ன் அம்மா

மோக்கா தங்கச்சி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றிம்மா.

ரெயூனியன் அண்ணன்

பக்கத்துத் தீவிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை வேறு. இந்தியாவிலிருந்து எங்களுக்குக் கூலிக் கப்பல் வருவது 1880களில் நின்றுபோனது. அப்புறம் மெல்ல மெல்லத் தமிழ் பூசாரியின் வாயிலும் கூத்துப் பாட்டிலும் மட்டும் தங்கிவிட்டது. இப்போது சங்க வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் என்னைப் போல வயது வந்தவர்கள். சொல் கொஞ்சம்தான் தெரியும், சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. எங்களுக்கு யாரும் மாதிரிக் கட்டுரை கொடுப்பதில்லை, தேர்வு இல்லையே. ஒரு அம்மா எழுதினார்: "என் அம்மா கரும்பு வெட்டினார். நான் ஆபீஸில் வேலை செய்தேன். அம்மா என் செருப்பைத் துடைத்து வைப்பார்." மூன்று வாக்கியம், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. வகுப்பில் யாருக்கும் அது மறக்கவில்லை. சொல் குறைவாக இருப்பது குரலுக்குத் தடை என்று நான் நினைக்கவில்லை.

வாக்வா ஆசிரியர்

டீச்சர் சொன்னதை என் வகுப்பில் வேறு மாதிரி முயன்று பார்த்தேன். விளைவை இங்கே போடுகிறேன். பையனிடமும் அவன் வீட்டிலும் அனுமதி கேட்டுவிட்டேன்.

தலைப்பு 'சுற்றுச்சூழலைக் காப்போம்'. முதலில் அவன் எழுதியது:

"சுற்றுச்சூழல் மாசு இன்று உலகை அச்சுறுத்தும் பெரும் பிரச்சினையாகும். மரங்களை வெட்டுவதால் மழை குறைகிறது. தொழிற்சாலைக் கழிவுகளால் ஆறுகள் மாசடைகின்றன. எனவே நாம் அனைவரும் ஒன்றிணைந்து இயற்கை அன்னையைக் காப்போமாக."

பையன் மஹேபூரில் வளர்ந்தவன். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளத் திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 அன்று எண்ணெய் கசியத் தொடங்கியது. ஏறக்குறைய ஆயிரம் டன் கடலில் கலந்தது. அந்த நாட்களில் மஹேபூர் கரையில் ஊரே கூடி எண்ணெயைத் தடுக்க மிதவை செய்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அதன் நடுவில் இருந்த பையன் "தொழிற்சாலைக் கழிவுகளால் ஆறுகள்" என்று எழுதுகிறான்!

நான் திருத்தவில்லை. நோட்டின் ஓரத்தில் கேள்விகளை மட்டும் எழுதினேன். கப்பலிலிருந்து எண்ணெய் வந்தபோது நீ எங்கே இருந்தாய்? என்ன வாடை? பக்கத்தில் யார்? உன் கை என்ன செய்தது? அடுத்த வாரம் வந்தது இது. பிழையோடு அப்படியே தருகிறேன்:

"எண்ணெய் வந்தபோது நான் சின்ன பையன். பெட்ரோல் வாடை எங்கள் வீட்டுக்குள் வந்தது. சாப்பிடும்போதும் இருந்தது. நாங்கள் கடற்கரைக்கு போனோம். மாமா லாரியில் கரும்பு தோகை கொண்டு வந்தார். அத்தைகள் துணியில் நீளமாக பை தைத்தார்கள். நாங்கள் பைக்குள் தோகை அடைத்தோம். தோகை என் கையை கீறியது. மாமா மீன் பிடிக்கிறவர். அன்றைக்கு அவர் பேசவே இல்லை. நான் எத்தனை பை அடைத்தேன் என்று எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டேன்."

தென்கரை டீச்சர்

சார், இதைப் படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன்.

"சாப்பிடும்போதும் இருந்தது" என்ற மூன்றாம் வாக்கியத்தைப் பாருங்கள். எந்த மாதிரிக் கட்டுரையிலும் இது வராது. சுற்றுச்சூழல் மாசு என்றால் என்ன என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கரும்புத்தோட்டம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். "அன்றைக்கு அவர் பேசவே இல்லை" என்பதை "மாமா மிகுந்த வேதனையில் ஆழ்ந்தார்" என்று மாற்றினால் மதிப்பெண் கூடாதா? என் ஆசிரியர்கள் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். உணர்ச்சியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பார்கள்.

ரோஸ்ஹில் ஐயா

மாற்றக் கூடாது தம்பி. மாமா வேதனையில் ஆழ்ந்ததைப் பையன் பார்க்கவில்லை. பேசாமல் இருந்ததைப் பார்த்தான். பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறான், மீதி எனக்கே புரிகிறது. இதைச் சொல்கிறவன் அலங்காரத்தை விரும்பிப் படித்த பழைய ஆள்.

பிழைகளைச் சொல்லிவிடுகிறேன், அதுவும் என் கடமை. சின்னப் பையன், கடற்கரைக்குப் போனோம், கரும்புத் தோகை, நீளமாகப் பை, கையைக் கீறியது. எல்லாமே வல்லினம் மிகும் இடம், ஒரே வகைப் பிழை. ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுத்து முடித்துவிடலாம். குரலைத் தொடாமல் பிழையைத் தொடுவது இப்படி முடியும்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கதை சொல்கிற கட்டுரையில் இது நடக்கும். "கைபேசியால் விளைவது நன்மையா தீமையா", "மெட்ரோ தேவையா" என்று வாதக் கட்டுரை கேட்டால் பையன் என்ன செய்வான்? அங்கே மாமாவும் அத்தையும் வர மாட்டார்கள். அங்கே எல்லோரும் மறுபடி "நாணயத்துக்கு இரு பக்கங்கள் உள்ளன" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

தென்கரை டீச்சர்

ஐயா கேட்டது சரியான கேள்வி. நானும் இதில் நிறைய யோசித்திருக்கிறேன்.

சொந்தக் குரல் என்றால் சொந்தக் கதை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வாதக் கட்டுரையில் குரல் வேறு இடத்திலிருந்து வரும். எதைப் பெரிதாக நினைக்கிறேன், எதை விட்டுக்கொடுக்கத் தயார், எங்கே எனக்கே தயக்கம் இருக்கிறது என்பதிலிருந்து வரும். நன்மை மூன்று, தீமை மூன்று, முடிவில் "அளவோடு பயன்படுத்தினால் நன்று" என்று எழுதுகிற பிள்ளை எதையும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாத இடத்தில் குரலுக்கு வேலை இல்லை.

அதனால் எழுதுவதற்கு முன்பே ஒரு பக்கம் நிற்கச் சொல்கிறேன். வகுப்பில் நிஜமாகவே எழுந்து, ஆம் என்றால் கதவுப் பக்கம், இல்லை என்றால் ஜன்னல் பக்கம். மெட்ரோ முதலில் போர்ட் லூயிஸ் – ரோஸ் ஹில் ஓட ஆரம்பித்தது, இப்போது கியூர்பிப் வரை போகிறது. என் பிள்ளைகள் தெற்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு இன்னும் பஸ்தான். "மெட்ரோ நாட்டின் வளர்ச்சி" என்று மனப்பாடமாகச் சொன்ன ஒரு பெண்ணிடம், "உன் வீட்டுக்கு அது வந்ததா?" என்று கேட்டேன். கதவுப் பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். அவள் எழுதியது: "மெட்ரோ நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது வராத ஊரில் இருந்துகொண்டு அதைப் பாராட்டுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பஸ் காலையில் நிரம்பி வருகிறது. முதலில் அதைச் சரி செய்திருக்கலாம்." இதில் கதை எதுவும் இல்லை. இருந்தும் அது அவள்தான்.

எதிர்த் தரப்பு சொல்வதில் எது உன்னைக் கொஞ்சம் அசைக்கிறது என்று இரண்டாவது கேள்வி கேட்பேன். அதையும் எழுதச் சொல்வேன். "தெற்கே மக்கள் குறைவு, செலவு அதிகம் என்று அப்பா சொல்கிறார், அது உண்மைதான்" என்று சேர்த்தாள். வாதம் கெட்டிப்பட்டது.

ரோஸ்ஹில் ஐயா

ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம். இது நன்றாக இருக்கிறது.

வாக்வா ஆசிரியர்

நேரம்தான் என் கவலை டீச்சர். பாடத்திட்டம் முடிக்க வேண்டும். ஒவ்வொரு நோட்டுக்கும் ஓரத்தில் கேள்வி எழுதி, மறுபடி எழுதவைத்து, மறுபடி படித்து என்றால் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போய்விடும்.

தென்கரை டீச்சர்

முழுக் கட்டுரைக்குச் செய்ய வேண்டாம் சார். நான் வாரத்துக்கு ஐந்தாறு வரி மட்டும் எழுதவைக்கிறேன், வகுப்பிலேயே, பேனாவில். போனும் செயலியும் அங்கே வராது. தலைப்பு சின்னதாக இருக்க வேண்டும். 'இயற்கை' என்றால் எல்லோரும் ஓடிப்போய்ப் பழைய வரிகளை எடுத்துவருவார்கள். 'புயல் விடுமுறையில் மத்தியானம்', 'ஏழு கறிக்கு இலை போடுகிறவர்', 'என் வீட்டில் யாரும் உட்காராத நாற்காலி' என்றால் அதற்கு எங்கும் மாதிரி கிடைக்காது.

படிக்கும்போது முதல் முறை சிவப்பு மையை எடுக்க மாட்டேன். பென்சிலால் ஒரே ஒரு வாக்கியத்துக்குக் கீழே கோடு போடுவேன். அந்தப் பிள்ளை மட்டுமே எழுதியிருக்கக்கூடிய வாக்கியம் எதுவோ அது. சில வாரங்களில் ஒன்றும் இருக்காது, அப்போது ஒரு கேள்வி எழுதுவேன். பிழையில் அந்த வாரம் ஒரு வகை மட்டும், ஐயா செய்தது போல. எல்லாப் பிழையையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால், பிள்ளை அடுத்த வாரம் தனக்கு உறுதியாகத் தெரிந்த வாக்கியத்தை மட்டும் எழுதும். அது மனப்பாட வாக்கியமாகத்தான் இருக்கும்.

கோடு போட்ட வாக்கியங்களை வகுப்பில் நானே சத்தமாகப் படிப்பேன், பெயர் சொல்லாமல். அடுத்த வாரம் எல்லோரும் கோடு வாங்கப் பார்க்கிறார்கள்.

கரும்புத்தோட்டம்

கிரியோல் சொற்கள்? ஃபிளாம்புவாயான் என்று எழுதினால் தேர்வில் சரியா?

தென்கரை டீச்சர்

தேர்வாளர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் உறுதி கூற மாட்டேன். என் பிள்ளைகளுக்குச் சொல்வது இது: ஊர்ப் பெயர், மரம், சாப்பாடு போன்ற நம் ஊர்ப் பொருளுக்கு நம் ஊர்ப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுது, ஆனால் வாக்கியத்துக்குள்ளேயே அது என்னவென்று தெரியும்படி செய். "டிசம்பரில் சிவப்பாகப் பூக்கும் ஃபிளாம்புவாயான் மரம்" என்று எழுதினால் சென்னையில் இருப்பவருக்கும் புரியும். வினைச்சொல்லும் உணர்ச்சியும் தமிழில் வரட்டும், அங்கேதான் தமிழ் வளரும்.

மோக்கா மாணவி

உரையாடலைப் பற்றி ஒன்று, டீச்சர். பாட்டி பேசுவதைப் பிள்ளைகள் "பேத்தியே, நீ உணவு உண்டாயா?" என்று எழுதுகிறார்கள். எந்தப் பாட்டி அப்படிப் பேசுவார்! மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழ் வரலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் பாதிக் கட்டுரை உயிர் பெற்றுவிடும்.

ரோஸ்ஹில் ஐயா

மேற்கோள் குறிக்குள் எனக்கும் சம்மதம், வெளியே எழுத்துத் தமிழ். இந்த எல்லையைப் பிள்ளைகள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் கலந்து இரண்டுமே கெடும். கிரியோலில் பேசுகிற பாட்டியை எந்தத் தமிழில் பேசவைப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். என் எண்ணம், பாட்டி சொன்னதை "என்று பாட்டி கேட்டார்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மறக்க முடியாத ஒரு வாக்கியத்தை மட்டும் குறிக்குள் கொடுப்பது.

இவ்வளவையும் படித்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. என் முதல் பதிவில் பிள்ளைக்குத் தமிழ் வாக்கியம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். இன்னமும் அதுதான் என் கவலை. ஆனால் மாதிரி என்றால் தஞ்சாவூர் வயல்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வாக்வா சாரின் பையன் எழுதிய அந்தப் பத்தியை ஒரு கிரேட் 8 பிள்ளை மனப்பாடம் செய்யட்டுமே. அதில் எளிய வாக்கியங்கள் இருக்கின்றன, இறந்தகால வினை வரிசையாக வருகிறது, இரண்டாம் வேற்றுமை வருகிறது, எதிர்மறை வருகிறது. எல்லாம் அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்த ஊரில். இப்படிப் பத்திகளை நாம் திரட்டினால் என்ன? ரெயூனியன் தம்பி சொன்ன அந்த அம்மாவின் மூன்று வரியையும், அவர் சம்மதித்தால், சேர்க்கலாம்.

ரெயூனியன் அண்ணன்

கேட்டுச் சொல்கிறேன் ஐயா. சந்தோஷப்படுவார்.

கத்ர்போர்ன் அம்மா

என் மகளும் எழுதலாமா? இப்போது பஸ் ஓட்டிய தாத்தாவிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் எல்லாம் கிரியோலில் வருகிறது, இவள் தமிழில் குறித்துக்கொள்கிறாள். தெரியாத சொல்லை என்னிடம் கேட்கிறாள், எனக்கும் தெரிவதில்லை. அவற்றை மட்டும் இங்கே கேட்கலாமா?

தென்கரை டீச்சர்

தாராளமாகக் கேளுங்கள் அக்கா. சொல்லை மட்டும் கேளுங்கள், வாக்கியத்தை அவளே கட்டட்டும்.

ஐயா, செய்வோம். இப்படி வைத்துக்கொள்ளலாமா:

ஜூலை விடுமுறைக்குள் ஒவ்வொருவரும் உங்கள் பிள்ளைகளின் பத்திகளை இந்த இழையிலேயே போடுங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். பிள்ளையிடமும் வீட்டிலும் அனுமதி வாங்கிவிடுங்கள். பெயர், பள்ளி எதுவும் வேண்டாம், எந்த கிரேட் என்பது மட்டும் போதும். சந்திப் பிழையைத் திருத்தலாம். சொல்லை மாற்ற வேண்டாம், வாக்கியத்தைச் சேர்க்க வேண்டாம், முடிவில் அறிவுரை ஒட்ட வேண்டாம். ஐயா சந்தி பார்த்துக் கொடுப்பாரா? தட்டச்சு செய்து கோப்பாக்குவதில் மோக்கா தங்கச்சி உதவினால் நல்லது.

என் பக்கத்திலிருந்து அந்தக் காவடி வீட்டுப் பையனின் முழுப் பத்தியையும் மெட்ரோ பெண்ணின் வாதத்தையும் நாளை போடுகிறேன்.

மோக்கா மாணவி

செய்கிறேன் டீச்சர். யூனிகோடில் அனுப்பச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் வந்தால் மாற்ற நேரமாகும்.

ரோஸ்ஹில் ஐயா

சந்தி என் பொறுப்பு. அனுப்புங்கள்.